மாலத்தியான் மருந்தின் இயல்பும், பயனும், இருப்பு வைக்கும் முறையும்

சென்ற கோடைக் காலத்தில் நமது ஒன்றியத்தைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றின் பஞ்சாயத்துக் கட்டடத்தைப் பார்வையிடச் சென்றிருந்தோம். கட்டடத்தின் பின்புறத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வேய்ந்த சிறு அறை ஒன்று உளது. தண்ணீர்க் குழாய்ச் சாமான்கள், தெரு விளக்குகள், பிளீச்சிங் பவுடர் டப்பாக்கள் ஆகியவற்றுக்கு இடையே மாலத்தியான் தூள் மூட்டைகள் இரண்டும் அங்கே கிடந்தன. எப்பொழுதோ வாங்கியதில் மிஞ்சியவை. மூட்டையின் மேல் அச்சிட்டிருந்த காலாவதித் தேதி கடந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வறையில் ஐந்து நிமிடம் நின்றால் சட்டை நனைந்துவிடும்; கூரை அவ்வளவு வெப்பத்தை இறக்கிக் கொண்டிருந்தது.

"பழையது ஆனால் வீரியம் குறைந்திருக்கும், அவ்வளவுதானே ஐயா? ஒரு பங்குக்கு இரண்டு பங்காகத் தூவினால் போயிற்று" என்றார் உடன் வந்த பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர். அவர் நாற்பது ஆண்டுகளாக உழவுத் தொழில் செய்து வருபவர், சிக்கனம் அறிந்தவர். விதை பழையதானால் முளைப்புத் திறன் குறையும். ஈரம் பட்ட உரம் சத்தை இழக்கும். ஆகவே அவர் கூறியது அனுபவத்திற்கு ஒத்த வார்த்தைதான். எனினும் மாலத்தியான் இந்த வழக்கத்திற்குக் கட்டுப்படாத பொருள். வெப்பத்தில் கிடந்து பழையதான மாலத்தியான் பூச்சிக்கு இளைத்தும், மனிதனுக்கு வலுத்தும் போகக்கூடும். அன்று அவ்வறையின் வாசலில் நின்றுகொண்டு நாம் அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கே சற்று விரிவாகக் கூற முற்படுகிறோம்.

மருந்தின் குலமும் பிறப்பும்

மாலத்தியான், கரிமப் பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் எனப்படும் பெருங்குலத்தைச் சேர்ந்தது. மானோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், டைமெத்தோயேட், குயினால்பாஸ், அசிபேட் என்று கடைகளில் நாம் கேட்டு வாங்கிய பெயர்கள் பலவும் இக்குலத்தனவே. பாஸ்பரஸ் அணு ஒன்றை நடுவில் வைத்து, அதனைச் சுற்றிக் கந்தகம், ஆக்ஸிஜன், கரிமம் ஆகியவற்றின் தொகுதிகளைப் பிணைத்தால் இக்குலத்துப் பொருள்கள் உண்டாகின்றன. எந்தத் தொகுதியை எங்கே பிணைக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்று கொடிய நஞ்சாகவும் மற்றொன்று ஓரளவு சாந்தமானதாகவும் அமைகிறது.

இக்குலத்தின் பழைய வரலாறு மகிழ்ச்சி தருவது அன்று. ஜெர்மனியில் கெர்ஹார்டு ஷ்ராடர் என்ற இரசாயன அறிஞர் பயிர்ப் பூச்சிகளைக் கொல்ல மருந்து தேடிக்கொண்டிருக்கையில், 1936-ஆம் ஆண்டில் டாபுன் என்ற பொருளைக் கண்டார். அது பூச்சியை மட்டுமின்றி மனிதனையும் நொடியில் வீழ்த்தவல்லதாக இருந்தபடியால், போர்க்கருவியாக இராணுவத்தார் அதனை எடுத்துக்கொண்டனர். பின்னர் அதே ஆராய்ச்சியின் வழியில் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி தோன்றியது. 1958-ஆம் ஆண்டில் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், உணவுப் பொருள்களுடன் சேர்த்துக் கப்பலில் ஏற்றி வரப்பட்ட பாரத்தியான் கசிந்து கோதுமை மாவில் கலந்தது. அதனை உண்டு 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் இந்நாட்டில் பிறந்ததற்கு அத்துயரமே முதற் காரணம். இன்று நாம் வாங்கும் ஒவ்வொரு புட்டியிலும் முக்கோணக் குறியும், காலாவதித் தேதியும், மாற்று மருந்தின் பெயரும் அச்சாகி இருப்பது அச்சட்டத்தின் பயனாகும்.

மாலத்தியான் 1950-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வெளிவந்தது. மீதைல் ஆல்கஹாலையும் பாஸ்பரஸ் பென்டாசல்பைடையும் சேர்த்து ஓர் அமிலம் ஆக்கி, அதனை டைஎதில் மாலியேட் என்ற பொருளோடு இணைத்தால் மாலத்தியான் கிடைக்கிறது. மாலியேட்டிலிருந்து வந்த 'மால்' என்பதே பெயரின் முற்பகுதி. தொழில் தர நிலையில் அது மஞ்சள் கலந்த பழுப்பு நிறத் திரவம். பூண்டின் நாற்றத்தை ஒத்த நாற்றம் உடையது. தண்ணீரில் மிகச் சிறிதே கரையும்; ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 145 மில்லிகிராமுக்கு மேல் கரையாது. அதனால்தான் எண்ணெய்க் கரைப்பானும் பால்போலக் கலக்கச் செய்யும் பொருளும் சேர்த்து, 50 சதவிகிதப் பால்மக் கரைசலாக விற்கின்றனர். நீரில் ஊற்றியதும் வெண்மையாகப் பால்போல் ஆகிறதே, அது இதனால்தான். களிமண் முதலியவற்றின் தூளில் ஏற்றினால் 5 சதவிகிதத் தூளாகவும், கொசு ஒழிப்புக்கான 25 சதவிகித நீரில் கலக்கும் தூளாகவும் ஆகிறது.

பூச்சியை எவ்வாறு கொல்கிறது?

நம் கையை மடக்க நினைக்கிறோம். நரம்பின் வழியே செய்தி வந்து தசையை அடைகிறது. நரம்பின் முனைக்கும் தசைக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. அவ்விடைவெளியைக் கடக்க அஸிட்டைல்கோலின் என்ற பொருள் சுரக்கிறது. செய்தி சேர்ந்தவுடன் அப்பொருள் நீக்கப்பட வேண்டும். இல்லையேல் தசை ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். நீக்குகின்ற வேலையைக் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி செய்கிறது. வாய்க்காலின் மடையைத் திறந்தவன் வயல் நிரம்பியதும் அடைக்க வேண்டும் அல்லவா? மடையை அடைக்கும் ஆள் இந்த நொதி எனக் கொள்ளலாம்.

கரிமப் பாஸ்பரஸ் நஞ்சு அந்த ஆளின் கையைக் கட்டிவிடுகிறது. பாஸ்பரஸ் அணு நொதியின் வேலை செய்யும் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. மடை திறந்தபடியே நிற்க, வயல் மூழ்குகிறது. பூச்சி முதலில் துடித்து, பின் செயலிழந்து மடிகிறது. இதில் நாம் கருத வேண்டிய செய்தி யாதெனில், இந்த நொதி பூச்சிக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு, மீனுக்கும் உண்டு, மருந்து அடிக்கும் ஆளுக்கும் உண்டு என்பதே.

அவ்வாறாயின் மாலத்தியான் மட்டும் நீல முக்கோணத்தையும், அதே குலத்து மானோகுரோட்டோபாஸ் சிவப்பு முக்கோணத்தையும் பெற்றது ஏன்? சிவப்பு என்றால் எலியின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 50 மில்லிகிராம் வரை வாய்வழிச் சென்றாலே பாதி எலிகள் இறக்கும் என்று பொருள். மஞ்சளுக்கு 51 முதல் 500 வரை. நீலத்திற்கு 501 முதல் 5,000 வரை. அதற்கும் மேற்பட்டது பச்சை. சிவப்புக்கும் நீலத்துக்கும் உள்ள இத்தூரத்தை உண்டாக்குவது நம் கல்லீரலிலும் இரத்தத்திலும் உள்ள மற்றொரு நொதி. அதன் பெயர் கார்பாக்சில்எஸ்டரேஸ்.

மாலத்தியான் புட்டியில் இருக்கும் உருவில் நரம்பு நொதியைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. உடலுக்குள் சென்றபின், பாஸ்பரஸோடு ஒட்டிய கந்தகத்தின் இடத்தை ஆக்ஸிஜன் பிடித்துக்கொள்ள, அது மாலாக்ஸான் என்ற உருவை அடைகிறது. மாலாக்ஸான்தான் உண்மையான நஞ்சு. பூச்சியின் உடலில் இம்மாற்றம் விரைவாக நடக்கிறது. தடுப்பதற்கு ஆள் இல்லை. நம் உடலிலோ, மாலத்தியானின் வால்போல் நீண்டிருக்கும் மாலியேட் பகுதியைக் கார்பாக்சில்எஸ்டரேஸ் நொதி முன்னதாகவே வெட்டிவிடுகிறது. வெட்டுண்ட பொருள் தீங்கற்று, சிறுநீரோடு வெளியேறுகிறது. பூச்சி மாண்டு மனிதன் பிழைப்பது இந்த ஒரு நொதியின் தயவினாலேயே. அந்நொதி நம்மிடம் அளவற்றுக் கிடப்பதும் அன்று. அதனையும் தோற்கடிக்கும் வழிகள் உண்டு.

பழைய மூட்டையில் நடப்பது

பாகிஸ்தான் நாட்டில் 1976-ஆம் ஆண்டில் மலேரியா ஒழிப்புக்காக வீடுகளின் சுவர்களில் மாலத்தியான் தெளித்தனர். நீரில் கலக்கும் தூள் உருவில் அம்மருந்து வந்திருந்தது. ஏறத்தாழ 7,500 தொழிலாளர்கள் அப்பணியில் இருந்தனர். கோடையின் நடுவில் அவர்களில் ஏறத்தாழ 2,800 பேருக்கு நஞ்சின் குறிகள் கண்டன, ஐவர் இறந்தனர். அதுவரை பல நாடுகளில் தீங்கின்றித் தெளிக்கப்பட்ட மருந்துதான் அது. ஆராய்ந்தபொழுது, சில தயாரிப்புகளில் மாலத்தியானின் ஒரு பகுதி ஐசோமாலத்தியான் என்ற வேறோர் உருவாக மாறியிருந்தது தெரிய வந்தது.

இம்மாற்றம் விந்தையானது. மூலக்கூறின் ஒரு புறத்தில் ஆக்ஸிஜனோடு ஒட்டியிருந்த மீதைல் தொகுதி, வெப்பத்தினால் கழன்று கந்தகத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. புதிதாக எதுவும் சேரவில்லை, எதுவும் போகவுமில்லை. தராசில் நிறுத்தால் ஒரு குன்றிமணி எடையும் வேறுபடாது. ஆனால் இந்த ஐசோமாலத்தியான் நம்மைக் காக்கும் கார்பாக்சில்எஸ்டரேஸ் நொதியையே பிடித்து முடக்கிவிடுகிறது. காவலாளியை முதலில் கட்டிப்போட்டுப் பின் வீட்டினுள் நுழையும் திருடனைப்போல, அது வழி திறந்துவிட, எஞ்சிய மாலத்தியான் முழுதும் நஞ்சாகிறது. இத்துணைக்கும் ஐசோமாலத்தியான் சில சதவிகிதம் இருந்தாலே போதும். அதன்பின் உலக சுகாதார நிறுவனம் மாலத்தியான் தூளில் ஐசோமாலத்தியான் எவ்வளவுக்கு மேல் இருக்கலாகாது என்று வரம்பு கட்டியது.

தூளுக்கு இந்த அபாயம் அதிகம். தூள் ஏற்றப்படும் களிமண்ணின் தன்மையைப் பொறுத்தும், வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்தும் மாற்றம் துரிதப்படுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், சித்திரை வைகாசி மாதங்களில், மூன்று கோடைகளைக் கண்ட ஒரு மூட்டையினுள் என்ன இருக்கிறது என்பதைப் பரிசோதனைச் சாலையில் அன்றிக் கண்ணால் அறிய இயலாது. நிறமும் நாற்றமும் பழையபடியே இருக்கலாம். அங்கத்தினர் நண்பர் கூறியபடி அதனை இரு மடங்காகத் தூவியிருந்தால், தூவிய ஆளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணும்பொழுது நமக்கே சற்று நடுக்கமாக இருக்கிறது.

இரண்டாவது வழி, கலப்பு. 1957-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆராய்ச்சியாளர், மாலத்தியானையும் இக்குலத்தின் மற்றொரு மருந்தாகிய இ.பி.என். என்பதையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டின் நச்சுத் தன்மையையும் கூட்டினால் வரும் தொகையைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியாகத் தீங்கு விளைவதைக் கண்டனர். காரணம் மேற்கூறியதே: ஒரு மருந்து காவல் நொதியை முடக்க, மற்றது தடையின்றிச் செல்கிறது. நம் பக்கத்தில் 'ரெண்டு மருந்தையும் சேர்த்து அடித்தால் ஒரே ஆள் கூலியில் முடியும்' என்று ஒரே தெளிப்பானில் ஊற்றுவதைக் காண்கிறோம். கடைக்காரரே சில இடங்களில் அவ்வாறு கலந்து கொடுக்கிறார். இரண்டு கரிமப் பாஸ்பரஸ் மருந்துகளை எக்காரணம் கொண்டும் சேர்க்கலாகாது.

மூன்றாவதாக, பூச்சிகளே நம்மிடம் உள்ள உபாயத்தைக் கற்றுக்கொண்டன. கிடங்குகளில் காணும் சிவப்பு மாவு வண்டு, பல நாடுகளில் மாலத்தியானுக்கு அடங்காது போயிற்று. ஆராய்ந்ததில், அவ்வண்டின் உடலிலும் மாலத்தியானை வெட்டும் நொதி மிகுதியாகி இருந்தது. மற்றக் கரிமப் பாஸ்பரஸ் மருந்துகளுக்கு மடியும் வண்டு, மாலத்தியானுக்கு மட்டும் மடியாது நிற்கிறது. இத்தகைய கிடங்கில் அளவைக் கூட்டிக்கொண்டே போவதால் வண்டுக்கு ஒன்றும் ஆகாது. கிடங்கில் மூட்டை தூக்குபவருக்குத்தான் ஆகும்.

எங்கே பயன்படுத்தலாம், எங்கே கூடாது

மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட ஆணையினால், வெண்டை, கத்தரி, தக்காளி, காலிபிளவர், முள்ளங்கி, பட்டாணி, மா, திராட்சை, சோளம், ஆமணக்கு, சூரியகாந்தி, சோயா மொச்சை முதலிய பயிர்களுக்கு மாலத்தியான் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டுள்ளது. அதே ஆணையின்படி மானோகுரோட்டோபாஸ் 36 சதவிகிதக் கரைசலும் விலக்கப்பட்டது. பல ஆண்டுகளாகக் கத்தரிக்கும் வெண்டைக்கும் மாலத்தியான் அடித்துப் பழகிய தோட்டக்காரர்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களுக்கு இத்தடை தெரிந்திருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. கிராம சபையில் இதனை ஒருமுறையேனும் வாசிப்பது நலம். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் மாலத்தியானை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று கருதத்தக்க பொருள்களின் வரிசையில் சேர்த்துள்ளது என்பதையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும்.

நெற்பயிரில் கதிர் நாவாய்ப்பூச்சிக்கு எதிராக மாலத்தியான் பயன்பட்டு வருகிறது. பால் பிடிக்கும் மணியில் ஊசிபோன்ற வாயைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சி, மணியைப் பதராக்கும் பூச்சி அது. வயலில் இறங்கும் முன்பே அதன் கெட்ட நாற்றம் மூக்கில் படும். ஆனால் நாற்றம் பட்டவுடன் மருந்துக்கு ஓடவேண்டுவதில்லை. பூக்கும் தருணத்தில் 100 கதிர்களில் 5 பூச்சிகளும், பால் பிடித்தது முதல் மணி முற்றும் வரை 100 கதிர்களில் 16 பூச்சிகளும் என்பதே பொருளாதாரச் சேத நிலை. வயலில் குறுக்கே நடந்து எண்ணிப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். அந்த எண்ணிக்கைக்குக் குறைவாக இருந்தால், மருந்தின் விலையும் கூலியும் பூச்சி தின்னும் நெல்லின் விலையைவிட அதிகம். வரம்பிலுள்ள புல்லைச் செதுக்கினாலும், 5 சதவிகித வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தாலும் பெரும்பாலும் போதும். மருந்தே தேவை என்று கண்டால் மாலை வேளையில் தெளித்தல் நன்று. மாலத்தியான் தேனீக்களுக்குப் பெரும் பகை, மீனுக்கும் தீங்கானது. வயலின் நீர் ஏரிக்கோ குளத்துக்கோ வடியும் நிலையில் அடிக்கலாகாது.

ஏக்கருக்கு எத்தனை மில்லி என்பதை நாம் இங்கு வேண்டுமென்றே எழுதவில்லை. பத்திரிகையில் படித்த அளவு ஒரு மாதத்தில் மறந்து, இரண்டு மாதத்தில் இரட்டிப்பாகிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். புட்டியோடு வரும் துண்டுப் பிரசுரத்தில் பயிருக்கும் பூச்சிக்கும் உரிய அளவு அச்சாகியுள்ளது. எழுத்து மிகப் பொடியது என்ற குறை உண்மைதான். பள்ளியில் படிக்கும் பிள்ளையைக் கொண்டு வாசிக்கச் செய்யலாம்.

தானியக் கிடங்கில் சுவருக்கும் தரைக்கும் தெளிப்பதானால், 50 சதவிகித மாலத்தியானில் 10 மில்லியை ஒரு லிட்டர் நீரில் கலந்து, 100 சதுர மீட்டருக்கு 3 லிட்டர் கரைசல் என்ற கணக்கில் தெளிப்பது வழக்கம். தானியத்தின் மீது நேரே படலாகாது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் தெளிப்பதனால் பயன் மிகக் குறைவு.

தண்ணீரின் குணம்

சுண்ணாம்புச் சுவரில் பயன் குறைவதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் வயலிலும் அது உதவும். மாலத்தியானைக் காரம் சிதைத்துவிடும். நீரின் கார அமில நிலை 5 என்ற அளவில் இருந்தால், கலந்த மாலத்தியானில் பாதி சிதைய 100 நாட்களுக்கு மேல் ஆகும். 7 என்ற நடுநிலையில் ஏறத்தாழ 6 நாட்கள். 9 என்ற கார நிலையிலோ 12 மணி நேரத்தில் பாதி போய்விடும். நம் பகுதி ஆழ்துளைக் கிணறுகளில் பல உவர் நீர் தருபவை. காலையில் பீப்பாயில் கலந்து வைத்து, பாதியை அன்று அடித்து, மீதியை மறுநாள் அடிக்கிறவர் மறுநாள் வெறும் எண்ணெய்த் தண்ணீரைத்தான் அடிக்கிறார். பூச்சி சாகவில்லை என்று மூன்றாம் நாள் அளவைக் கூட்டுகிறார். ஆகையால் தேவையான அளவு மட்டும் கலந்து உடனே தீர்த்துவிட வேண்டும். போர்டோ கலவை, சுண்ணாம்பு ஆகியவற்றோடு சேர்க்கலாகாது. மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் சோதித்துச் சொல்கின்றனர். ஒரு புட்டி நீரை எடுத்துச் செல்வதில் பெரிய சிரமமில்லை.

காரம் சிதைக்கும் என்பதில் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. தோலில் பட்ட மருந்தைச் சோப்பும் நீரும் இட்டுக் கழுவினால் அது நீங்குவதோடு சிதையவும் செய்கிறது.

மருந்து அடிப்பவரின் உடல்நிலை

இம்மருந்து வாய்வழி மட்டுமன்றித் தோல்வழியும் மூச்சுவழியும் உட்செல்லும். வெயிலில் வேர்த்த உடலில் விரைவாகச் செல்லும். தெளிப்பான் முதுகில் கசிந்து சட்டை நனைந்தால் உடனே கழற்றிக் குளிக்க வேண்டும். வேலை முடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. முடங்கிய நொதி முழுதும் மீள வாரக் கணக்கில், சில சமயம் மாதக் கணக்கில் ஆகும். ஆகவே நாள்தோறும் கூலிக்கு மருந்து அடிக்கிற ஒருவர், எந்த ஒரு நாளும் அளவு மீறாமலேயே, பத்தாவது நாள் மயங்கி விழக்கூடும். ஊரில் ஒரே ஆளை எல்லார் வயலுக்கும் மருந்து அடிக்க அழைக்கும் வழக்கம் நல்லதன்று. மாற்றி மாற்றி அனுப்புதல் வேண்டும்.

நஞ்சேறியதன் குறிகள்: வாயில் எச்சில் பெருகும், கண்ணில் நீர் வடியும், வேர்த்துக் கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கிப் பார்வை மங்கும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் காணும், தசை துடிக்கும், மார்பு இறுகி மூச்சுத் திணறும். வெயில் மயக்கம் என்று எண்ணி நிழலில் படுக்க வைத்து மோர் கொடுத்துக்கொண்டிருப்பதே நம் ஊர்களில் நிகழும் பெரும் பிழை. ஆடையைக் களைந்து, உடலைச் சோப்பிட்டுக் கழுவி, உடனே 108 வண்டியை அழைத்தல் வேண்டும். வாந்தி எடுக்கச் செய்யலாகாது. எண்ணெயோ பாலோ புகட்டலாகாது. மருந்துப் புட்டியை அல்லது அதன் சீட்டை உடன் கொண்டு செல்ல வேண்டும். மருத்துவர் அட்ரோபின் ஊசியால் மிகுந்த சுரப்பை அடக்குவார். பிராலிடாக்சிம் என்ற மருந்து, நொதியோடு ஒட்டிய பாஸ்பரஸைப் பெயர்த்தெடுக்க முயலும். மாலத்தியான் வகையில் அப்பிணைப்பு சில மணி நேரத்திலேயே பெயர்க்க முடியாதபடி இறுகிவிடும். எனவே காலையில் விழுந்தவரை மாலையில் கொண்டு செல்வதும், உடனே கொண்டு செல்வதும் ஒன்றல்ல.

இருப்பு அறை

பூச்சிக்கொல்லி விதிகளின்படி, காலாவதியான மருந்தைக் கடைக்காரர் விற்கலாகாது; 'விற்பனைக்கு அன்று' என்று முத்திரையிட்டுத் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். பஞ்சாயத்து ஒரு கடை அன்று. எனினும் அம்முறையை நாமும் கைக்கொள்வதற்குத் தடை ஏதுமில்லை. மருந்தைப் பஞ்சாயத்துக்கு வாங்குவதானால் அப்பருவத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குதல் வேண்டும். ஆண்டு இறுதியில் நிதி மிஞ்சிவிட்டது என்பதற்காக மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்குவதை நாமே தணிக்கையில் பலமுறை கண்டித்திருக்கிறோம். வைக்கும் அறை நிழலும் காற்றோட்டமும் உடையதாக, சத்துணவுச் சாமான்களுக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் தொலைவில், பூட்டோடு இருத்தல் வேண்டும். பூட்டு, குழந்தைகளுக்காக மட்டும் அன்று. மனம் உடைந்து நிற்கும் ஒருவருக்கு அந்த நாழிகையில் நஞ்சு கைக்கு எட்டாமல் இருந்தது என்பதே உயிரைக் காத்த சம்பவங்கள் உண்டு. வீட்டில் பரணிலும் சமையல் அறை மாடத்திலும் புட்டியைச் செருகி வைக்கும் உழவரும் இதை எண்ண வேண்டும்.

காலிப் புட்டியில் எண்ணெய் வாங்குவதும், காலி டின்னில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் இன்னும் நின்றபாடில்லை. புட்டியை மூன்று முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி வயலில் தீர்த்து, புட்டியை உடைத்து அல்லது துளையிட்டு, குடியிருப்புக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில் புதைக்க வேண்டும். காலிப் பையை எரிப்பதும் தவறு. புகையிலும் நஞ்சு உண்டு.

தொடக்கத்தில் கூறிய இரண்டு மூட்டைகளைப் பற்றி வாசகர்கள் கேட்கக்கூடும். கையுறையும் முகமூடியும் அணிந்த இருவரைக் கொண்டு அவற்றைத் தடித்த பாலித்தீன் பைகளில் இட்டுக் கட்டி, 'காலாவதி மாலத்தியான்: உபயோகிக்கத் தகாதது' என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினோம். ஓட்டுக்கூரை வேய்ந்த பழைய சாவடியின் உள்ளறையில் அவை இப்பொழுது பூட்டியுள்ளன. சாவி ஊராட்சிச் செயலரிடம் இருக்கிறது. வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுதியதில் அவர் நேரில் வந்து பார்த்துச் சென்றார். மூட்டைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி விற்பனையாளருக்கு இரண்டு கடிதங்கள் சென்றுள்ளன. முதற் கடிதத்துக்கு, 'ஆவன செய்கிறோம்' என்று ஒரு வரி வந்தது. இரண்டாவதற்கு இன்னும் பதில் இல்லை. மூன்றாவது கடிதம் தட்டச்சாகிக்கொண்டிருக்கிறது.